மறுப்பே இல்லாத ஊர்

எங்கள் பக்கத்து ஆட்கள் யாருக்கும் முகத்துக்கு நேராக ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். பெண் கேட்டுப் போனாலும் சரி, வேலை கேட்டுப் போனாலும் சரி, உட்கார வைத்துக் காபி கொடுத்து, ஊர் எது, உறவு எது என்று அன்பாக விசாரித்து அனுப்புவார்கள். பாதி வழி வந்த பிறகுதான் போன காரியம் ஆகவில்லை என்பது நமக்கு உறைக்கும். இதற்குக் கோயமுத்தூர் மரியாதை என்று பெயர். இந்த மரியாதையை யாராவது புகழ்ந்து பேசினால் இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. காரணம் இஸ்மத்.

இஸ்மத் கோவைக் கோட்டைமேட்டுக்காரி. அவளுடைய அத்தா அப்துல் வஹீதுக்கு உக்கடத்தில் கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் கடை. மகளை பி.காம். சேர்த்துவிட்டால் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்வாள் என்று அவர் நினைத்திருந்தார். அவளோ சோஷியாலஜிதான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். “அதப் படிச்சா என்ன வேலைம்மா கெடைக்கும்?” என்று கேட்டிருக்கிறார். “மனுசங்க ஏன் இப்படி நடந்துக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கலாங்கத்தா” என்றாளாம். தெரிந்து என்ன செய்யப் போகிறாள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நான் ஷைலா, கோபிசெட்டிபாளையத்துப் பெண். எம்.ஏ. வகுப்பில் அவளுக்குப் பக்கத்து இருக்கை. ஆராய்ச்சி முறைகள் என்று ஒரு பாடம் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும். வகுப்பே சாமியாடிக்கொண்டிருக்கும்போது இஸ்மத் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்பாள். ஒருவர் சொல்வதும் நினைப்பதும் வேறாக இருந்தால் நாம் எதை எழுத வேண்டும் என்று ஒருநாள் கேட்டாள். பாடம் நடத்தியவர் அம்புஜம் மேடம். “சொல்றதைத்தான் கண்ணு எழுதணும். நெனைக்கறதுக்குள்ள பூந்து பாக்கற மிசின் நம்மகிட்ட இல்லையே” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள், ஆனால் அந்தப் பதிலில் அவளுக்குத் திருப்தியில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

எம்.ஏ. முடித்து இரண்டு பேரும் அம்புஜம் மேடத்திடமே பி.எச்டி. சேர்ந்தோம். இரண்டாம் வருடத்தில் நான் பொறுமை இழந்து ஓடிவந்துவிட்டேன். இப்போது சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில், மக்கள் எந்தப் பற்பசையை ஏன் வாங்குகிறார்கள் என்று கணக்கெடுக்கும் வேலை. கௌரவம் இல்லாத வேலைதான், ஆனால் மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. இஸ்மத் விடவில்லை. அவளுடைய தலைப்பு கோவைப் புறநகரில் வாடகை வீடு: யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை.

சோளமும் பருத்தியும் விளைந்த காடுகளெல்லாம் மனையாகி, மனையெல்லாம் மாடி வீடாகி, சரவணம்பட்டி, காளப்பட்டி, விளாங்குறிச்சிப் பக்கம் தெருவுக்குப் பத்து ‘டூலெட்’ போர்டு தொங்குகிறது. வீட்டுக்காரர்களிடம் முதலில் நேராகவே கேட்டாள். எந்த மதம், எந்தச் சாதி என்று பார்த்து வாடகைக்கு விடுவீர்களா? ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் சொன்ன பதில், “அதெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க.” சொல்லிவிட்டு மோர் கொடுத்தார்கள். இந்தப் பதிலைத் தூக்கிக் குப்பையில்தான் போட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் இரண்டாவது வழி ஒன்று கண்டுபிடித்தாள். நிஜமாகவே வீடு தேடி அலைகிறவர்களிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, அவர்களோடு கூடவே போனாள். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள், தலித்துகள் என்று எல்லா வகை ஆட்களும் அதில் உண்டு. ஒவ்வொரு வீட்டிலும் கிடைத்த பதிலை ஒப்புதல், மறுப்பு, பதில் நிலுவை என்ற மூன்று கட்டங்களில் ஒன்றில் குறிக்க வேண்டும். கட்டம் போட்டுக் கொடுத்தவர் அம்புஜம் மேடம். எங்கோ வெளிநாட்டில் செய்த ஆய்வைப் பார்த்துப் போட்டது.

சனிக்கிழமைகளில் எனக்கு விடுமுறை. அவளோடு நானும் சில நாள் சுற்றியிருக்கிறேன். வீட்டுக்காரர்கள் நடந்துகொள்வதை அவள் திரும்ப வரும் வழியில் பேருந்துக்குள்ளேயே நடித்துக் காட்டுவாள். முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்போம். ஒரு நாள் விளாங்குறிச்சியில் ரம்ஷா என்ற நர்ஸோடு ஒரு வீட்டுக்குப் போனோம். வீட்டுக்காரம்மா வெள்ளந்தியாக வந்து கேட்டைத் திறந்தார்.

“வாங்க கண்ணு, வெய்யல்ல நிக்காதீங்க, உள்ள வாங்க” என்றார். மாடியைத் திறந்து காட்டினார். நல்ல தண்ணி எந்தக் குழாய், உப்புத் தண்ணி எந்தக் குழாய், துணி எங்கே காயப்போடலாம், எல்லாம் சொன்னார். ஆஸ்பத்திரி வேலை என்றதும் இன்னும் குளிர்ந்து போனார். “எனக்கும் சுகர் பாத்துச் சொல்லிப்போடுவீங்க, நல்லதாப் போச்சு” என்றார். கடைசியில் பெயர் கேட்டார்.

“ரம்ஷாங்க.”

“அழகான பேருங்க” என்றார். அப்புறம் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, “சரிங்க அம்மணி, ஊட்ல கேட்டுச் சொல்றேனுங்க” என்றார்.

அந்தம்மா தனிக்கட்டை. புருஷன் செத்துப் பல வருஷம், பிள்ளைகள் இல்லை. அதை அவரே மாடிப்படி ஏறும்போது எங்களிடம் சொல்லியிருந்தார். தெருமுனை வரை அடக்கிக்கொண்டு வந்த இஸ்மத், “ஊட்ல யாருகிட்டடி கேப்பாங்க? சாமி படத்துகிட்டயா?” என்றாள். ரம்ஷாவும் சேர்ந்து சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் மட்டும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு அது எத்தனையாவது வீடு என்று நான் கேட்கவில்லை.

எல்லா வீட்டிலும் இதே கதைதான். புருஷன் ‘ஊட்ல அம்மாகிட்ட’ கேட்பார், மனைவி ‘ஊட்டுக்காரர்கிட்ட’ கேட்பார், வயதானவர் அமெரிக்காவில் இருக்கும் பையனிடம் கேட்பார். கேட்டவர்கள் திரும்பி ஒரு போன் செய்ததில்லை. நாமே கூப்பிட்டால் எடுத்து, நலம் விசாரித்து, “இன்னும் கேக்கலீங்க” என்பார்கள். பத்து நாள் கழித்து அந்தத் தெருப்பக்கம் போனால் மாடியில் வேறு யாருடைய துணியோ காயும். பெயரும் ஊரும் உறவும் பொருத்தமாக இருந்த ஆட்களுக்கோ அங்கேயே நின்ற நிலையில், “அட்வான்ஸ் என்னைக்குங்க தாரீங்க?” வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்பார்களே, அதை எங்கள் ஊர்க்காரர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது வேடிக்கையாக இருந்தது. மறுப்பு என்ற கட்டம் மொட்டை. ஒரு சுழியம்கூட எழுதத் தேவையில்லாத அளவுக்குச் சுத்தம். முஸ்லிம்களும் தலித்துகளும் ஏறக்குறைய எல்லோரும் பதில் நிலுவையில் குவிந்து கிடந்தார்கள்.

இஸ்மத் மேடத்திடம் போனாள். பதில் நிலுவை என்று நாம் குறித்திருப்பதெல்லாம் மறுப்புதான், வீட்டை வேறு ஒருவருக்குக் கொடுத்த பிறகும் அதை நிலுவை என்று எப்படிச் சொல்வது, அந்தக் கட்டத்தை மறுப்போடு சேர்க்க அனுமதி கொடுங்கள் என்று கேட்டாள். அவளுடைய மூன்றரை வருட உழைப்புக்கு அர்த்தம் உண்டா இல்லையா என்பது அந்த ஒரு மாற்றத்தில் இருந்தது.

அம்புஜம் மேடம் நல்லவர். இதை நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன். யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். விடுதிச் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியைத் தருவார். அன்றைக்கும் இஸ்மத்தை உட்கார வைத்துத்தான் பேசியிருக்கிறார்.

“நீயா அர்த்தம் பண்ணிக்கப்படாது கண்ணு. யாராவது ஒருத்தராவது மாட்டேன்னு சொன்னாங்களா?”

“சொல்ல மாட்டாங்க மேடம். இந்த ஊர்ல மாட்டேங்கறதுக்குப் பேரே ஊட்ல கேட்டுச் சொல்றேன்தானுங்களே?”

“வாயில வராத வார்த்தைய எழுதுனா அது ஆராய்ச்சி இல்ல, அபிப்பிராயம். நானும் இந்த ஊருக்காரிதான், எனக்குத் தெரியாதா?”

“நானும் இந்த ஊருக்காரிதானுங்க மேடம். அதனாலதான் எனக்கு அர்த்தம் புரியுது.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். பிறகு, “புரியறது வேற, நிரூபிக்கறது வேற கண்ணு” என்று சொல்லிவிட்டு டீ வரவழைத்திருக்கிறார்.

இதை அவள் என்னிடம் சொன்னது எங்கள் கம்பெனிக்கு எதிரில் உள்ள பேக்கரியில். தேங்காய் பன்னைப் பிய்த்துப் பிய்த்து வைத்தாளே தவிர வாயில் போடவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் சத்தமாகவே சிரித்துவிட்டேன். ஏனென்றால் பற்பசைக் கம்பெனியில் எங்களுக்கு முதல் நாள் சொல்லித் தரும் பாடமே இதுதான். புதுப் பற்பசையைக் காட்டி வாங்குவீர்களா என்று கேட்கும்போது ‘ஊட்ல கேட்டுச் சொல்றேன்’ என்பவரை ‘வாங்க மாட்டார்’ கட்டத்தில் போடு என்று மேனேஜர் உத்தரவு. அந்தப் பதிலை நம்பிச் சரக்கை இறக்கினால் கம்பெனி திவாலாகிவிடும். பல் விளக்குகிற விஷயத்தில் ஊருக்கே புரிகிற தமிழ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் புரியவில்லை.

அவள் அடுத்த நாளே போய் அதையும் மேடத்திடம் சொல்லியிருக்கிறாள். “வியாபாரம் வேற, சமூக அறிவியல் வேற கண்ணு” என்று சிரித்திருக்கிறார். ஆய்வுக் குழுவில் இருந்த இன்னொரு பேராசிரியர் சிரிக்கக்கூட இல்லை. முஸ்லிம் பெண் முஸ்லிம்களைப் பற்றி எழுதினால் மனச்சாய்வு வரத்தான் செய்யும் என்று மினிட்ஸில் எழுதி வைத்தார். இந்து வீட்டுக்காரர்களைப் பற்றி இந்துப் பேராசிரியர் முடிவு செய்தால் சாய்வு வராது போலிருக்கிறது. அவர் மட்டும் தராசு முள்.

இஸ்மத் ஒன்றரை வருஷம் இழுத்துப் பிடித்தாள். அந்த ஒரு அத்தியாயத்தை மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் பிரதி சிவப்பு மையோடும் பிஸ்கட்டோடும் திரும்பி வந்தது. இதற்கிடையில் அவளுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சுஃப்யானுக்குச் சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனி வேலை. உதவித்தொகை நின்றுபோனது. கால நீட்டிப்பும் முடியப் போகிறது, அதற்குள் மேடம் கையெழுத்துப் போடவில்லை என்றால் பதிவே ரத்து. நண்பர்கள், உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே வாயாக ஒன்றையே சொன்னார்கள். முதலில் பட்டத்தை வாங்கு, அப்புறம் புத்தகமாக எழுது, அதில் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். அவளுடைய அத்தாகூட, “ஊருக்கே தெரிஞ்சத நீ ஒருத்தி எழுதித்தானா ஆகணும்? பட்டத்த வாங்கிட்டு வந்துரும்மா” என்றார். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “என்ற புள்ளையாட்ட நெனச்சுச் சொல்றேன். நாளைக்கு நீ இந்த ஊர்லதான வேல பாக்கோணும்?” என்றார்.

ஒரு மாலை எனக்குப் போன் செய்தாள். “மாத்திட்டேன்டி.”

“என்னன்னு?”

படித்துக் காட்டினாள். ‘ஆய்வுக் காலத்தில் மதம் அல்லது சாதி காரணமாக எவருக்கும் வீடு மறுக்கப்பட்டதாகப் பதிவு எதுவும் இல்லை.’

“ஒரு வார்த்தைகூடப் பொய்யில்ல பாத்தியா?” என்றாள். “அதுதான்டி வயிறு எரியுது.”

வாய்மொழித் தேர்வுக்கு நானும் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த வாக்கியத்தை இரண்டு முறை சத்தமாக வாசித்தார். நாடு முழுக்க எங்கெங்கோ என்னென்னவோ நடக்கும்போது கொங்கு மண்ணில் இப்படி ஒரு முடிவு கிடைத்திருப்பது நெஞ்சைக் குளிர்விக்கிறது என்றார். கைதட்டினார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அப்துல் வஹீதும் தட்டினார். மேடம் இஸ்மத்தைக் கட்டிப்பிடித்து அழுதார். மிக்சர், டீ, போட்டோ எல்லாம் முறைப்படி நடந்தது. நான் மிக்சரைத் தொடவில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு என்னால் செய்ய முடிந்த எதிர்ப்பு, அதுவும் யாருக்கும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து ஒரு மாலைப் பத்திரிகையில் போட்டோவோடு வந்துவிட்டது. ‘கோவையில் வாடகை வீட்டுக்கு மதபேதம் இல்லை: முஸ்லிம் மாணவி ஆய்வில் தகவல்.’ யார் கூப்பிட்டுச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பல்கலைக்கழகமாகத்தான் இருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததோடு விடாமல், மறைத்த கையாலேயே ஊருக்குப் பந்தி வைத்துவிட்டார்கள். செய்தி வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்தது. ரம்ஷாவுக்கும் வந்திருக்கிறது. அவள் அதை இஸ்மத்துக்கே அனுப்பி, கீழே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள். இஸ்மத் பதில் போட்டாளா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவள் வீட்டுக்காரர்களைப் போல நடித்துக் காட்டுவதை விட்டுவிட்டாள். அந்தப் புத்தகத்தையும் இதுவரை எழுதவில்லை.

அவர்கள் குடியிருந்த கரும்புக்கடைப் பகுதியிலிருந்து சரவணம்பட்டிக்குத் தினமும் போய் வருவது சுஃப்யானுக்கு முடியவில்லை. இஸ்மத்துக்கும் ஏழாம் மாதம். போன மாதம் காளப்பட்டி ரோட்டுப் பக்கம் வீடு பார்க்கப் போகும்போது என்னைத் துணைக்குக் கூப்பிட்டாள். புது வீடு, மாடியில் இரண்டு அறை, பின்பக்கம் தென்னை. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற அதிகாரி. வயிற்றுப் பிள்ளைக்காரி படி ஏறுகிறாளே என்று பதறி, மேலே போனதும் ஒரு சேர் போட்டு உட்கார வைத்தார். அவருடைய மனைவி காபியோடு வந்தார். வாடகை பேசி முடிந்தது. வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார், இஸ்மத் சொன்னாள். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை.

“ரொம்பச் சந்தோசமுங்க. ஊட்ல கேட்டுச் சொல்றேனுங்க அம்மணி.”

மனைவி காபித் தட்டோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

நான் எழுந்துவிட்டேன். இஸ்மத் எழவில்லை. “ஏனுங்க, நாங்க முஸ்லிம்ங்கறதாலதானுங்களே?” என்றாள். ஐந்து வருஷம் ஆய்வு செய்தபோது ஒருநாளும் அவள் கேட்காத கேள்வி. ஆராய்ச்சியில் அப்படிக் கேட்கக் கூடாதாம், அது பதிலை நாமே ஊட்டிவிடுவதாம்.

“ஐயய்யோ, என்னங்க அம்மணி இப்படிக் கேட்டுப்போட்டீங்க!” மனிதர் நிஜமாகவே புண்பட்டுப் போனார். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு செல்போனை எடுத்தார். “இருங்க, உங்களுக்கே காட்டறேன். யுனிவர்சிட்டியில அஞ்சு வருசம் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. நம்ம பக்கம் அப்படி ஒருத்தர்கூட மறுக்கலியாமுங்க. அதும் உங்காளுக புள்ளைதான் எழுதியிருக்குது.”

போனை அவள் பக்கம் திருப்பினார். திரையில் அந்தப் பத்திரிகைப் போட்டோ. அம்புஜம் மேடத்தின் கை தோளில் இருக்க இஸ்மத் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் போட்டோவைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

“அட, இது நீங்களா அம்மணி? டாக்டரம்மாங்களா! ஏம்மிணி, இங்க வந்து பாரு!” என்று பக்கத்தில் நின்ற மனைவியையே சத்தம் போட்டுக் கூப்பிட்டார். அந்தம்மாவும் எட்டிப் பார்த்து, “நல்லா எழுதியிருக்கறீங்க கண்ணு” என்றார். வீடு கிடைத்துவிடும் என்று ஒரு நிமிஷம் நான்கூட நம்பினேன். “அப்ப மேல் வீடு?” என்று கேட்டேன்.

“அதான் சொன்னனுங்களே, கேட்டுச் சொல்றேனுங்க.”

இஸ்மத் சேரின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. “ஐயா, எனக்கு வீடு வேண்டாமுங்க. ‘இல்லை’ன்னு ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொல்லிப்போடுங்க. ஒருத்தராவது சொன்னாங்கன்னு இருக்கட்டுமுங்க.”

அவர் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். “மூஞ்சில அடிச்சாப்புல அப்படியெல்லாம் சொல்ற பழக்கம் நம்ம ஊர்ல இல்லீங்க அம்மணி. நீங்களே எழுதியிருக்கறீங்களே?”